பாய்மரம் ஏறிய துணிக்கொடி

கொச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு நான் கொண்டுவந்த பையில் இருந்தவை: சாலிடர் இரும்பு, மல்டிமீட்டர், ரேடியோ சக்தி அளக்கும் மீட்டர், கனெக்டர்கள், நீர் புகாத டேப், மாற்று உடை, புளியோதரை. இல்லாதது கேபிள். "துறைமுக ஊரில் கேபிளுக்கா பஞ்சம்?" என்று எங்கள் பட்டறை முதலாளி சொல்லிவிட்டார். அவர் தூத்துக்குடியைப் பார்த்ததில்லை.

நானும் பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை. நான் பிறந்தது தாமிரபரணிக் கரையில் ஒரு பெருமாள் கோயில் ஊர். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தூத்துக்குடி. ஆனால் எங்கள் வீட்டில் ஆறு முடிகிற இடத்தோடு உலகமும் முடிந்துவிடும். கடல் என்பது வெளிநாடு. எலெக்ட்ரானிக்ஸ் படித்து, கொச்சியில் கப்பல் ரேடியோ பழுது பார்க்கும் வேலைக்குப் போன பிறகுதான் நான் கடல் தண்ணீரில் கை வைத்தேன். இப்போது என் சொந்த ஜில்லாவுக்கே வெளியூர்க்காரியாக, மூக்கில் கருவாட்டு வாசனையுடன் வந்து இறங்கியிருந்தேன்.

படகு பழைய துறைமுகத்தில், தோணிகள் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. வெள்ளை நிறம், ஒற்றைப் பாய்மரம். பெரிய தோணிகளுக்கு நடுவே அது கல்யாண வீட்டில் வழி தவறி நுழைந்த கொக்கு மாதிரி இருந்தது. உரிமையாளர் டாக்டர் குரியன், கொச்சியில் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். சென்னையில் படகை வாங்கி, கடல் வழியாகவே வீட்டுக்கு ஓட்டிப்போகக் கிளம்பியவர். உடன் வந்த நண்பர் பாதி வழியில் வாந்தி எடுத்துக் கரையேறி ரயில் பிடித்துவிட்டார். அதன்பின் ரேடியோவும் வாயை மூடிக்கொண்டது.

டாக்டர் மலையாளத்தில் நிலைமையை விளக்கினார். தமிழில் தருகிறேன்; 'மோளே' என்றால் மகளே. "மோளே, துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் சொல்லிவிட்டார்கள். ரேடியோவில் கூப்பிட்டு, அவர்கள் பதில் சொன்னால்தான் படகை வெளியே விடுவார்களாம். தென்மேற்குக் காற்று தொடங்கப்போகிறது. இந்த வாரம் கன்னியாகுமரியைச் சுற்றாவிட்டால் படகு லாரியில்தான் வரவேண்டும். லாரியில் வந்தால் அப்படியே விற்றுவிடுவேன் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னால் சொன்னதுதான்."

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. ரேடியோவிலிருந்து பாய்மரத்து உச்சியில் உள்ள ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளை மரத்தின் அடியில் வெட்டிப் பார்த்தேன். உள்ளே செம்பு முழுக்கப் பச்சை பூத்து, விரலில் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. ரேடியோவில் பிழையில்லை. கேபிள்தான் செத்துப்போயிருந்தது.

"பிடுங்கிவிட வேண்டியதுதானா?" என்றார் டாக்டர்.

"ஆமாம், டாக்டர். வேரோடு."

படகில் இன்னொருவரும் இருந்தார். ஜெரால்டு, முப்பது வயது, விசைப்படகில் வேலை. அவருடைய படகு எஞ்சின் பழுதாகிக் கரையில் கிடந்ததால் டாக்டருக்கு உதவிக்கு வந்தவர். மரத்து உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுல யாரு ஏறுவா மேடம்? உடன்குடியில இருந்து பனையேறி ஒருத்தரக் கூட்டியாரவா?" என்று கேட்டார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அன்று இரவு சாப்பாட்டுக்கு என்ன கிடைக்கும் என்று விசாரித்ததில், எண்ணெயில் பொரித்த பரோட்டா என்றார்கள். சால்னா சைவமா என்று கேட்டேன். "சிக்கன் பீஸ் போட மாட்டோம், வெறும் சால்னாதான்" என்றார் கடைக்காரர், மிகுந்த பெருந்தன்மையோடு. புளியோதரையை எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை கடைகள். எனக்கு வேண்டியது தெளிவாகவே இருந்தது. ஐம்பது ஓம் கேபிள், ஏனென்றால் கடல் ரேடியோவும் ஆன்டெனாவும் அந்த அளவுக்குச் செய்யப்பட்டவை. தடிமனானது, ஏனென்றால் மெல்லிய கேபிள் உச்சிக்குப் போகிற வழியிலேயே பாதி சக்தியைத் தின்றுவிடும். செம்பு இழைகள்மேல் ஈயம் பூசியது, இல்லையென்றால் உப்புக்காற்றில் மறுபடி பச்சை பூக்கும். இவ்வளவுதான்.

முதல் கடை டிவி கேபிள் விற்கும் அண்ணாச்சியுடையது. அவர் ஒரு பெரிய சுருளைத் தட்டிக் காட்டினார்.

"இது எழுபத்தைந்து ஓம், அண்ணாச்சி. ரேடியோவுக்கு ஆகாது. அனுப்புவதில் கொஞ்சம் திரும்பி வந்துவிடும்."

"இருநூறு சேனல் இதுக்குள்ள ஓடுதும்மா. ஒரு சேனலாவது திரும்பி வந்துருக்கா? ஒங்க ரேடியோவுல பேசதுக்கு எத்தன சேனலு?"

"ஒரு நேரத்தில் ஒன்று."

"ஒண்ணு!" அவர் கடைப்பையனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "ஒண்ணுக்கா இந்தப் பாடு?"

இரண்டாவது கடையில் ஐம்பது ஓம் இருந்தது. ஆனால் செருப்பு வார் தடிமன்கூட இல்லை. மூன்றாவது கடையில் தடிமன் இருந்தது, ஈயம் இல்லை. ஈயம் பூசியது வேண்டும் என்றேன். "பாத்திரத்துக்குல்லா ஈயம் பூசுவாவ?" என்றார் அந்தக் கடைக்காரர். பிறகு இரக்கப்பட்டு, "வயர வாங்கிட்டுப் போங்க. ஈயம் பூசுத ஆளு ஒருத்தன் உண்டு, அவன்ட்ட குடுத்தா முக்கித் தருவான்" என்றார். இருபது மீட்டர் கேபிளைச் சட்டியில் முக்கி எடுக்கும் காட்சி நாள் முழுவதும் என் மனதை விட்டு அகலவில்லை.

வெறுங்கையோடு முதல் கடையைத் தாண்டும்போது டிவி அண்ணாச்சி கூப்பிட்டார். "ஏம்மா, ஒங்க ஒரு சேனல் வயரு கெடைக்கலையா? காயல்பட்டினத்துல ஒருத்தர் இருக்காரு, துபாய்ல இழுவைக் கப்பல்ல கரண்டு வேலை. போன வருசம் லீவுல வந்தப்ப, கப்பல் வயருக்கு கிளிப் இருக்கான்னு கேட்டாரு. ஆணி அடிச்சி சொவத்துல மாட்டுதாப்ல பெரிய கிளிப்பு. ஃபோன் நம்பர் தாரேன்."

துபாய்க்குப் பேசினேன். அவர் குரலில் தாராளம் வழிந்தது. "தாராளமா எடுத்துக்கிடுங்க. நல்ல சாமான், ஈயம் பூசுனது. வீட்டுலதான் இருக்கு. ஆனா..." என்று இழுத்தார். "வீட்டுல கேட்டுக்கிடுங்க. அத நான் சொல்ல முடியாது."

ஏன் சொல்ல முடியாது என்பது காயல்பட்டினம் போனபின் தெரிந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்மணி திருச்செந்தூருக்குப் பக்கம் வரை வந்து சாமி பார்க்காமல் இடையில் இறங்குவதற்காக என்னைக் கண்டித்தார். குறுகலான சந்துகளில் இரண்டு முறை வழி தவறி, அந்த வீட்டை அடைந்தேன். துபாய்க்காரரின் மனைவி ஆயிஷா லாத்தா (அந்த ஊரில் அக்காவுக்கு லாத்தா) கதவைத் திறந்து, என் பையையும் நெற்றிக் குங்குமத்தையும் பார்த்து, "வாங்க புள்ள, ஃபோன் வந்துச்சு" என்று உள்ளே கூட்டிப்போனார்.

கேபிள் முற்றத்தில் இருந்தது. சுவருக்குச் சுவர் மூன்று ஓட்டமாக, அண்ணாச்சியிடம் வாங்கிய கிளிப்புகளில் விறைப்பாகக் கட்டப்பட்டு, அதன்மேல் போர்வைகள், சட்டைகள், குழந்தைப் பாவாடைகள், ஒரு தொழுகைப் பாய். தேடி அலைந்த அத்தனை தகுதிகளும் உள்ள கடல் கேபிள், ஈரத்துணி சுமந்துகொண்டிருந்தது.

ஓரத்தில் உறையைச் சிறிது கீறிப் பார்த்தேன். பின்னல் வெள்ளியாய் மின்னியது. மல்டிமீட்டர் வைத்தேன், எங்கும் அறுபடவில்லை, எங்கும் ஒட்டிக்கொள்ளவில்லை.

"நல்லாயிருக்கா?" என்றார் லாத்தா.

"பிரமாதமா இருக்கு."

"நானும் அதான் சொல்லுதேன். நைலான் கட்டி மூணு தடவ அந்துபோச்சு. பெருநாளுக்கு மொத நாள் புதுத்துணி பூரா மண்ணுல. இது வந்தப்புறம்தான் நிம்மதி. இதப் போயி எடுத்துட்டுப் போறேங்குறீங்க."

அவர் இஞ்சித் தேயிலை தந்தார். தம்மடை என்ற ரவைப் பலகாரமும் வந்தது, முட்டை உண்டா என்று கேட்டேன். முட்டை இல்லாமல் தம்மடை எப்படி என்று அவர் கேட்டார். வாழைப்பழத்தில் சமாதானம் ஆனோம். அதற்குப் பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். காசு வேண்டாம். துணி காயும் வரை கை வைக்கக்கூடாது. எடுப்பதற்கு முன்னால் இதேபோல அறாத கொடி ஒன்று கட்டித் தரவேண்டும்.

பஜாரில் கயிறு வாங்கி வந்தேன். லாத்தா அதில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். வேறு வாங்கி வந்தேன். தொங்கினார். அது அறுந்தது. அப்போதுதான் புத்தி வந்து ஜெரால்டுக்கு ஃபோன் செய்தேன். படகில் பாய் ஏற்றும் உபரிக் கயிறு ஒன்று இருந்தது. புயலுக்கே அறாத ரகம். அதைப் பைக்கில் கொண்டுவந்து தெருமுனையில் என்னிடம் கொடுத்துவிட்டு, ஜெரால்டு வெளியிலேயே நின்றுகொண்டார். நான் முடிச்சுப் போட்டுக் கட்டினேன். லாத்தா தொங்கினார். பிறகு அவருடைய நாத்தனாரும் சேர்ந்து தொங்கினார். கயிறு அசையவில்லை.

"இத முன்னாடியே கொண்டாந்துருக்கலாம்லா?" என்றார் லாத்தா.

கேபிளை மடிக்கக்கூடாது, மடித்தால் உள்ளே கெட்டுவிடும். ஆகவே வண்டிச் சக்கரம் அளவுக்கு வளையமாகச் சுற்றினேன். அதைப் பார்த்ததும் இரண்டு பஸ் கண்டக்டர்கள் தூரத்திலேயே கையை ஆட்டி மறுத்தார்கள். கடைசியில் ஜெரால்டின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். முத்தையாபுரத்தில் வேலை முடிந்து வந்த ஆட்கள் வழிவிட்டு நின்றார்கள். "தேர்தல்ல யாரு ஜெயிச்சா?" என்று ஒருவர் கேட்டது காதில் விழுந்தது.

மூன்றாம் நாள் காலையில் வேலை. மேல் முனைக் கனெக்டரை அறையிலேயே சாலிடர் செய்து வந்திருந்தேன். தொங்கு இருக்கையில் என்னைக் கட்டி, ஜெரால்டு சுழல்கைப்பிடியைச் சுற்ற, எங்கள் ஊர்த் தேர் மாதிரி நின்று நின்று மேலே போனேன். பழைய கேபிளின் தலையில் புதியதைக் கட்டி, நான் மேலிருந்து விட, டாக்டர் கீழிருந்து பழையதை இழுத்தார். பாதியில் சிக்கிக்கொண்டது. டாக்டர் தன் தொழில் பெட்டியிலிருந்து வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து, மரத்தில் இருந்த துவாரத்துக்குள் விட்டார்.

"திருகாணி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் தளர்த்து, மோளே. இப்போ மெதுவாக இழுக்கிறேன்." பிறகு, பழக்க தோஷத்தில், பாய்மரத்திடம் சொன்னார்: "வலிச்சா கையைத் தூக்குங்க."

கேபிள் வந்துவிட்டது. கீழே இறங்கி அடிமுனையையும் சாலிடர் செய்து, ரேடியோவில் மாட்டி, சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று மீட்டரில் பார்த்தேன். முள் அசையவே சோம்பல்பட்டது. இனி உச்சியில் கனெக்டர்மேல் டேப் சுற்றினால் முடிந்தது. பிற்பகலில் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிடலாம். ரேடியோவை அணைத்துவிட்டு, நான் இறங்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, மறுபடி மேலே போனேன்.

டேப் சுற்றி முடித்து, இறக்கச் சொன்னேன். பாதி மரம் இறங்கியிருப்பேன். மாதா கோயில் மணி அடித்தது, நண்பகல் மணி. ஜெரால்டு கயிற்றை நன்றாகக் கட்டினார், தொப்பியைக் கழற்றினார். "ஒரு நிமிசம் மேடம், மூவேளைச் செபம்." டாக்டரும் சிலுவை போட்டுக்கொண்டு நின்றார். சுற்றிலும் தோணிகளில் ஆட்கள் அப்படி அப்படியே நின்றார்கள். நானும் கை கூப்பினேன்; வேறு எதுவும் செய்ய வழியில்லை.

செபம் முடிந்தது. என்னை யாரும் இறக்கவில்லை. டாக்டர் மக்ரூன் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அறை வாசல் படியில் வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தார். ஜெரால்டு எதிரில் உட்கார்ந்தார். பாதித் தமிழ், பாதி மலையாளமாக டாக்டர் பேசத் தொடங்கினார்.

"ஜெரால்டே, நான் ஒரு உண்மை சொல்லட்டுமா? இந்தக் கேபிள் கிடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்."

ஜெரால்டு மக்ரூனை வாயருகே நிறுத்திக்கொண்டார்.

"கன்னியாகுமரி மூலையை நினைத்தாலே எனக்குப் பயம். மூன்று கடலும் சேர்கிற இடம். ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன், கடல் வழியாக வருவேன் என்று. இப்போது எப்படி மாட்டேன் என்பது? லாரியில் போனால் ரேடியோ மேல் பழியைப் போடலாம். படகை விற்றால் மனைவிமேல் பழியைப் போடலாம். இந்தப் பெண் போய் யார் வீட்டுத் துணிக்கொடியையோ அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டாள்."

காற்று எல்லாவற்றையும் தெளிவாக மேலே கொண்டுவந்தது. "ஜெரால்டு, இறக்குங்க!" என்று இரண்டு முறை கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தார். பிற்பாடு கேட்டதற்கு, "ஒருத்தரு தன் பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செய்யும்போது நடுவுல எந்திரிக்கக் கூடாது மேடம்" என்றார். ஆகவே டாக்டர் நாற்பது ஆண்டுகளில் நோயாளிகளிடம் "பயப்படாதே" என்று சொன்னது, அவரே ஊசிக்குப் பயந்தது, நண்பர் வாந்தி எடுத்தபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டது என எல்லாம் முடியும்வரை நான் தொங்கினேன். யாருக்கும் வேண்டாத ஒரு கேபிளை நேர்த்தியாகப் பொருத்திவிட்டேன் என்ற உண்மையும் உடன் தொங்கியது.

அப்போதுதான் கவனித்தேன். மீன்பிடித் துறைமுகப் பக்கம் படகுகளில் ஆட்கள் எல்லோரும் எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இரண்டு கையையும் ஆட்டினார். ஜெரால்டின் ஃபோன் அடித்தது. மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது.

"ஏலே ஜெரால்டு! பட்டன விடுலே! ஊரே கேட்டுக்கிட்டு இருக்கு!"

செபத்துக்கு முன்னால் டாக்டர் வானிலை கேட்பதற்காக ரேடியோவைப் போட்டிருக்கிறார். மைக்கைப் படியில் வைத்திருக்கிறார். பேசும் பட்டன்மேல் மக்ரூன் பெட்டி, பெட்டியின்மேல் முழங்கை. அனைவரும் காது வைத்திருக்கும் பொதுச் சேனல் அது.

ஜெரால்டு பாய்ந்து பெட்டியைத் தூக்கினார். உடனே ஸ்பீக்கரில் கட்டுப்பாட்டு அறையின் குரல், நிதானமான ஆங்கிலத்தில்: "பாய்மரப் படகுக்கு. உங்கள் ஒலி தெளிவாகவும் பலமாகவும் கிடைக்கிறது. வெகு நேரமாகக் கிடைக்கிறது. சோதனை திருப்தி. தயவுசெய்து இன்னொரு சோதனை வேண்டாம். நாளைக் காலை புறப்படலாம்."

டாக்டர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். ஜெரால்டு, "ஐயோ, பாவசங்கீர்த்தன ரகசியம் போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார். "என்னை இறக்குங்கள்" என்றேன். இறக்கினார்.

நான் மேல்தளத்தில் கால் வைத்ததும் ஜெரால்டு ரேடியோவை மீன்பிடி ஆட்களின் சேனலுக்கு மாற்றி வைத்தார். அங்கே குரல்கள் குவிந்துகொண்டிருந்தன.

"டாக்டரே, அந்த மூலைக்கு நாங்களும்தான் பயப்படுதோம். யாரு பயப்படலங்கான்?"

"எங்க அப்பன் அங்கன முட்டுக்கால் போட்டு செபம் சொல்லிட்டுதான் கடப்பாரு, டாக்டர்."

"மணப்பாடு வரைக்கும் நான் வாரேன். அதுக்கங்கிட்டு பெரியதாழைகாரன்ட்ட சொல்லிருதேன்."

"உவரில எம் மச்சான் நிக்கான். அவன் கொண்டு விட்ருவான்."

"டாக்டர், கடவாப்பல்லு மூணு நாளா தெறிக்கி. கேக்கலாமா?"

முகத்திலிருந்து கை விலகியது. டாக்டர் மைக்கை எடுத்தார். ஒரு கணம் என்னைப் பார்த்தார், அந்த மூலைக்குப் போகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"எந்தப் பக்கம்?" என்றார். "மேலா, கீழா? குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுதா?"

அன்று மாலை படகின் இருக்கையில் வரிசையாக ஆட்கள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்கள். பாய்மரத்துக்குள் போய்வந்த கண்ணாடியை டாக்டர் கொதிநீரில் போட்டு எடுத்தார். நான் டார்ச் பிடித்தேன். மூன்று பேருக்கு மருந்து எழுதினார், ஒருவருக்குத் திட்டு. பயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

விடிகாலையில் அவர் கிளம்பினார். கூடவே ஜெரால்டும், அவருடைய படகு எஞ்சின் இன்னும் தயாராகவில்லை என்பதால். துறைமுக வாயில் தாண்டுவதற்குள் இரண்டு வள்ளங்கள் இருபக்கமும் வந்து சேர்ந்துகொண்டன. நான் கரையில் ஒரு மீனவரிடம் இரவல் வாங்கிய கையடக்க ரேடியோவுடன் நின்று கேட்டேன். டாக்டர் பேச முயன்றார். ஆளாளுக்குக் காற்றின் திசை சொல்லிக்கொண்டிருந்ததால் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கேபிளில் ஒரு குறையும் இல்லை.

கொச்சி திரும்பி இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்கு ஒரு ஃபோன் வந்தது. டாக்டரின் மனைவி.

"என்ன நடக்கிறது அங்கே? மணப்பாட்டிலிருந்து ஒருத்தர் பேசினார், டாக்டர் எங்க ஊரைத் தாண்டிட்டார் என்று. பெரியதாழையிலிருந்து ஒருத்தர், மீன்குழம்பு சாப்பிட்டார் என்று. இன்றைக்குக் கன்னியாகுமரியிலிருந்து ஒருத்தர், அம்மா, மூலையைத் தாண்டிட்டாரு, கொஞ்சம்தான் பயந்தாரு என்று. பயமா? இவருக்கா? முப்பத்தாறு வருஷமாக என்னிடம் சொன்னதே இல்லையே?"

"படகு தண்ணீரில்தான் வருகிறது, அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும். அதனால்தான் கூப்பிட்டேன். நான் ஒரு ஆளிடம் விற்பனைக்குப் பேசி வைத்திருந்தேன். இப்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது." அவர் பெருமூச்சு விட்டார், ஆனால் சிரிப்பை அடக்குவது போலவும் இருந்தது. "மழைக்காலம் முடிந்ததும் உவரியில் யாருக்கோ கடைவாய்ப்பல் பிடுங்க வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாராம். படகிலேயே."